உயர்திணையில் அமர்வோர் யாவர்?

(சொற்பாடம்)



இல்லத்தில் பாட்டியும் பேரக்குழந்தையும் ஒருங்கே அமர்ந்து பயிலத்தக்க சொற்பாடம் ஒன்றை இவ்விதழில் எடுத்துக்கொள்வோம். மனிதரைப் போன்ற வடிவும் அறிவும் உடையவராக நம் நூல்கள் பேசும் பிறவிகள் பல. தேவர், இயக்கர், கந்தருவர், கின்னரர், விஞ்சையர், அரக்கர், பூதர், பிசாசர், நரகர் என்று அவர்களுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. இப்பெயர்கள் ஏட்டுச் சுவடியோடு நின்றுவிட்டவை அல்ல. போடிநாயக்கனூர்க் கடைத்தெருவிலும், ஏலமலைச் சரிவின் தோட்டக் குடியிருப்புகளிலும், பள்ளிக்கூடத் தாழ்வாரங்களிலும் அவை நாள்தோறும் வழங்குகின்றன. அச்சொற்களுக்கு உரிய பொருள் யாது, வழக்கில் அவை எவ்வாறு திரிந்தன, ஒருவரை அச்சொல்லால் சுட்டும்போது நாம் செய்வது யாது என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

1. ஒரு சிறு சோதனை

கீழ்வரும் தொடர்களை வாய்விட்டுப் படியுங்கள்.

அரக்கன் வந்தான். இயக்கி வந்தாள். தேவர் வந்தனர். பேய் வந்தது. பூதம் வந்தது. குழந்தை வந்தது.

இவற்றுள் எதுவும் நம் செவிக்குப் பிழையாகத் தோன்றவில்லை. ஆயினும் சற்றே நின்று எண்ணுங்கள். மனிதரைத் தின்பவன் என்று கதைகள் கூறும் அரக்கனுக்கு 'வந்தான்' என்று உயர்திணை முடிவு தருகிறோம். நம் மடியில் தவழும் குழந்தைக்கு 'வந்தது' என்று அஃறிணை முடிவு தருகிறோம். காட்டில் தவம் செய்பவர் 'முனிவர் வந்தார்' எனப் பெறுகிறார். ஊர்ப்புறத்து ஆலமரத்தில் உறைவதாக அஞ்சப்படுவதோ 'முனி அடித்துவிட்டது' என்றாகிறது. தெய்வத்தை 'அவன் அருள்' என்றும் சொல்கிறோம். 'சாமி வந்துவிட்டது' என்றும் சொல்கிறோம்.

ஆகவே ஒரு சொல்லின் ஈற்றில் நிற்கும் ஆன், ஆள், ஆர், அது என்பன வெறும் ஓசைகள் அல்ல என்பது புலனாகும். எதிரில் நிற்பவரை நாம் எந்த வரிசையில் அமர்த்துகிறோம் என்பதை அவை காட்டிவிடுகின்றன. அவ்வரிசையை இலக்கண நூலார் எவ்வாறு வகுத்தனர் என்று பார்ப்போம்.

2. தொல்காப்பியரும் பவணந்தியாரும்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களாகக் கருதப்படுவோரை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்தார். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை ஈறுகளையே பெற்று ஒலிக்கும் என்றும் கூறினார். மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, மக்களை ஆறறிவுடையோர் என்று வைத்து, அவ்வினத்தைச் சேர்ந்த வேறு பிறப்புகளும் உண்டு என்று குறிப்பிட்டார்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நம் ஜைன சமயத்துத் துறவி. அவர் பெயரியலில் இதே திணைப் பகுப்பைச் சொல்லும்போது, உயர்திணைக்கு உரியோர் மக்கள், தேவர், நரகர் என மூவரை எண்ணினார். உயிருள்ளனவும் உயிரில்லனவும் ஆகிய ஏனைய யாவும் அஃறிணை என்றார்.

இங்கே நம் கவனத்தை ஈர்க்க வேண்டிய சொல் 'நரகர்' என்பது. தேவரை உயர்திணையில் வைப்பதில் வியப்பில்லை. அவர் நம்மினும் மேலான இன்பம் நுகர்பவர். நரகரோ தீவினை மிகுந்து துன்ப நிலத்தில் வீழ்ந்தவர். கொலையும் வஞ்சமும் புரிந்து அப்பயனை அனுபவிப்பவர். அவரையும் மக்களோடும் தேவரோடும் ஒரே பலகையில் அமர்த்தி, 'நரகர்' என்று ஆர் ஈறு கொடுத்தார் பவணந்தியார். தேவகதி, மனிதகதி, விலங்குகதி, நரககதி என்னும் நான்கு கதிகளைப் பயின்ற உள்ளத்துக்கு இது இயல்பாக வந்திருக்கும். இன்று நரகில் இருப்பவர் நேற்று மனிதராய் இருந்தவராகலாம். நாளை மீண்டும் மனிதராவார். இடையில் ஓர் ஆயுள் காலத்துக்கு அவருடைய திணையைப் பறிப்பது எங்ஙனம்?

அதே நூலின் உரியியலில் இன்னொரு செய்தி உண்டு. உயிர்களைப் புலனறிவால் எண்ணுங்கால் புல்லும் மரமும் ஓரறிவுயிர். சிதலும் எறும்பும் மூவறிவுயிர். தும்பியும் வண்டும் நாலறிவுயிர். ஐயறிவுயிரை எண்ணும் இடத்தில் வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய அனைவரையும் சேர்த்தே சொல்கிறார். ஆறாம் அறிவு என்று மனிதருக்குத் தனிப் பீடம் ஒன்றை அவர் அங்கே அமைக்கவில்லை. இந்திரனும் இடையன் வளர்க்கும் ஆடும் ஐம்பொறி உடைமையில் ஒத்தவர் என்பது நம் ஆகமக் கொள்கை. அதனைத் தமிழ் இலக்கணத்துக்குள் அமைதியாக வைத்துச் சென்றார் அம்முனிவர்.

3. எட்டு வகை வியந்தரர்

இனி அப்பெயர்களின் பொருளுக்கு வருவோம். தேவர்களைப் பவணவாசியர், வியந்தரர், சோதிடர், வைமானிகர் என நான்கு குழுவாக உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் பிரிக்கிறது. இவருள் வியந்தரர் எண்வகையினர்: கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தருவர், இயக்கர், இராக்கதர், பூதர், பிசாசர்.

மாணவர் இப்பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இதில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது. உலக வழக்கில் அச்சத்துக்கும் அருவருப்புக்கும் உரியனவாகக் கருதப்படும் இராக்கதர், பூதர், பிசாசர் மூவரும் நம் ஆகமப்படி தேவகதியைச் சேர்ந்தவர். தேவகதியில் உணவு மனத்தளவில் நிகழ்வது. ஊனும் குருதியும் அங்கே உணவாவதில்லை. ஆகவே ஆட்டையோ கோழியையோ அறுத்துப் படைத்தால் உண்டு மகிழும் பிறவி ஒன்று உண்டு என்னும் கருத்துக்கு நம் நூல்களில் இடமே இல்லை.

வழக்கில் இச்சொற்கள் அடைந்த மாற்றம் சுவையானது. கந்தருவர் நல்ல குரலுக்கு உவமையாயினர். கின்னரர் பெயர் கின்னரி என்னும் நரம்பிசைக் கருவியில் வாழ்கிறது. இராக்கதர் பெயரோ அளவைக் குறிக்கும் அடையாகிவிட்டது. சித்திரை மாதத்தில் தேனியை அடுத்த வீரபாண்டித் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் சிறுவர், இராட்சத ராட்டினத்தில் ஏறியதைப் பெருமையாகச் சொல்வர். அங்கே இராட்சதம் என்றால் மிகப் பெரியது என்பதே பொருள். கொடுமை என்னும் பொருள் கழன்றுவிட்டது. சிறியதைப் பெரிதாகக் காட்டும் ஆடி பூதக்கண்ணாடி ஆயிற்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒலி ஒன்றாக இருப்பதால் சொல் ஒன்றாகிவிடாது. போடியில் ஏலத்துக்கு வரும் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். மலையில் விளையும் ஏலம் நம் பழந்தமிழ்ச் சொல்; விலை கூறி விற்கும் ஏலமோ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. அவ்வாறே ஐம்பூதம் என்பதில் உள்ள பூதம் நிலம், நீர் முதலிய மூலப்பொருள்களைக் குறிக்கும். பூதவுடல் என்பது அவற்றால் ஆன உடல். அதனைப் பிசாசோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. சாத்தன் என்பது பண்டு வணிகரும் புலவரும் சூடிய பெயர். மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார். விவிலியத் தமிழில் வரும் சாத்தான் வேறு சொல். ஆனால் இன்று 'சாத்தன்' என்று எழுதினால் மாணவர் முகம் சுளிக்கின்றனர். பொருள் அறியாமல் ஒரு நல்ல பெயர் பழி சுமக்கிறது.

4. மலைக்கு இப்புறமும் அப்புறமும்: இயக்கி

ஒரே சொல் மூன்று வகையாக வாழ்வதைக் காண விரும்புவோர் இயக்கி என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வடமொழியில் யக்ஷி; தமிழில் இயக்கி.

நம் ஆலயங்களில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இயக்கனும் ஓர் இயக்கியும் பணிவிடை புரிவோராக அமைகின்றனர். நேமிநாதருக்கு அம்பிகை என்னும் தருமதேவி, பார்சுவநாதருக்குப் பத்மாவதி, சந்திரப்பிரபருக்கு ஜுவாலாமாலினி என இல்லந்தோறும் அறிந்த பெயர்கள் இவை. சிலப்பதிகாரத்தில், மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடமே கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலம் தருகிறார். அங்கே இயக்கி என்ற சொல்லில் அச்சம் சிறிதும் இல்லை. படையலும் பால்சோறே.

தென்பாண்டி நாட்டில் இச்சொல் இசக்கி ஆயிற்று. நெல்லை, குமரிப் பகுதிகளில் இசக்கியம்மன் குழந்தையைக் கையில் ஏந்திய தாய். பிள்ளைகளுக்கு இசக்கி, இசக்கிமுத்து என்று பெயரிட்டு அழைக்கின்றனர். மலையைக் கடந்து சேர நாட்டுக்குப் போனாலோ, அங்கே வழங்கும் கதைகளில் யட்சி பனைமரத்தில் உறைந்து, வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்பவளாகிவிடுகிறாள். நாள்தோறும் காலையில் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர், மலைக்கு இருபுறத்துக் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர். இப்புறத்தில் பிள்ளைக்கு இடும் பெயர், அப்புறத்தில் பிள்ளையை அச்சுறுத்தும் பெயர். சொல்லில் நன்மையோ தீமையோ பிறவியிலேயே இல்லை. வழங்குவோர் ஏற்றுவதே அது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

5. பேயும் பேச்சியும்

பேய் என்னும் சொல்லுக்கு வழக்கில் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு.

முதலாவது, அஞ்சத்தக்க ஆவி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி, அப்பேய் எங்கே பிறக்கிறது என்பதை நன்கு சொல்லிவிட்டது.

இரண்டாவது, கட்டுக்கு அடங்காமை. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதிப் பொழியும் நாள்களில் பேய்மழை, பேய்க்காற்று என்பர். ஏலச்செடிக்கு நிழல்தரும் மரங்கள் சாயும் காற்றை வேறு எப்படிச் சொல்வது? தோட்டத்தில் விளையாது காட்டில் தானே முளைக்கும் கசப்பான இனங்களுக்குப் பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்று பெயர். இங்கே பேய் என்பது மனிதர் கை படாதது என்னும் பொருளையே தருகிறது. பேய்மிரட்டி என்பதோ மருந்துக்குப் பயன்படும் நல்ல மூலிகை.

மூன்றாவது, உயர்வு. வைணவ அடியார் ஒருவர் பேயாழ்வார். சைவ அடியார் காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். இறைப்பற்றில் உலகியல் மறந்த நிலையை அச்சொல் குறித்தது. இவ்வட்டாரத்தில் பேச்சியம்மாள், பேச்சிமுத்து என்னும் பெயர்கள் வழங்காத தெருவே இல்லை. பேச்சி என்பது பேய்ச்சி என்பதன் மரூஉ என்பர். 'பேயே!' என்று வைதால் கண்ணீர் விடும் அதே பெண், 'பேச்சி' என்று அழைத்தால் முகமலர்ந்து திரும்பிப் பார்க்கிறாள்.

இப்பெயருக்கும் நம் சமயத்துக்கும் ஓர் இடத்தொடர்பு உண்டு. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறைப்பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் பேச்சிப்பள்ளம். அங்கே திருமேனி ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் என்று வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. அதே அச்சணந்தியின் பெயர், போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியாகச் சென்றடையும் உத்தமபாளையத்துப் பாறையிலும் உள்ளது. அங்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. பாறைக்கு மக்கள் வழங்கும் பெயர் கருப்பணசாமி பாறை. பேச்சியின் பெயராலும் கருப்பணசாமியின் பெயராலும் அழைக்கப்பட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அத்திருமேனிகள் ஊராரின் நடுவே நிற்கின்றன. நாம் இழிவாகக் கருதும் ஒரு பெயர், நம் அருகப் பெருமானின் இடத்துக்கு அடையாளமாக நின்று உதவியிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

6. அரக்கரும் வானரரும்

விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியம் நம் இராமகாதை. அதில் சிரேணிக மன்னன் கௌதம கணதரரிடம் ஓர் ஐயம் கேட்கிறான். வலிமை மிக்க அரக்கர்களைக் குரங்குகள் வென்றன என்று சொல்கிறார்களே, இது பொருந்துமா என்பது அவன் வினா. கணதரர் அளித்த விடை நம் பாடத்துக்கு நடுநாயகமானது. அரக்கர் என்போர் ஊன் தின்னும் கொடியவர் அல்லர். வானரர் என்போர் விலங்குகளும் அல்லர். இரு சாராரும் விஞ்சையர் என்னும் வித்யாதரர்; வித்தைகளில் தேர்ந்த மனிதர். அரக்கர் என்பது ஒரு குலப்பெயர். வானரர் என்பது குரங்கு உருவத்தைக் கொடியில் பொறித்துக்கொண்ட குலத்தாரின் பெயர். இராவணனுக்குப் பத்துத் தலை என்பதும் அங்ஙனமே. குழந்தைப் பருவத்தில் அவன் அணிந்த மணிமாலையில் அவன் முகம் ஒன்பதாகப் பிரதிபலித்தமையால் தசமுகன் எனப்பட்டான்.

கொடியைக் கண்டு குலத்தைக் குரங்கு என்றனர். குலப்பெயரைக் கேட்டு மனிதரை அரக்கர் என்றனர். பின்வந்தோர் அவர்களுக்கு வாலும் கோரைப்பல்லும் வரைந்தனர். மனிதர் மனிதரல்லாதவராக்கப்படும் முறை பெரும்பாலும் இதுவே. முதலில் ஒரு பெயர். பிறகு அப்பெயருக்கு ஏற்ற உருவம். இறுதியில் அவ்வுருவத்துக்கு ஏற்ற நடத்தை.

அந்நூல் இராவணனை நல்லவன் என்று சொல்லவில்லை. பிறன் மனை விழைந்த பிழைக்காக அவன் நரகில் வீழ்கிறான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. துறவு பூண்டு தேவேந்திரனாகப் பிறந்த சீதையின் உயிர், நரகத்துக்கே இறங்கிச் சென்று, அங்கே பகையால் வெந்துகொண்டிருப்போர்க்கு அறம் உரைக்கிறது. தன்னைக் கவர்ந்து சென்றவனும் அவர்களுள் ஒருவன். அவன் வருங்காலத்தில் தீர்த்தங்கரர் ஆவான் என்றும் நம் புராணம் கூறும். ஐயம் கேட்ட சிரேணிகனும் இப்போது நரகில் இருப்பவனே. அடுத்த காலச்சக்கரத்தில் முதல் தீர்த்தங்கரராக வருபவனும் அவனே. பவணந்தியார் 'நரகர்' என்று ஆர் ஈறு இட்டதன் நியாயம் இப்போது முழுமையாக விளங்கும்.

7. 'அது' அவனான கதையும் பேய் ஆசிரியையான கதையும்

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியில், வேள்விச் சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் கிடக்கிறது ஒரு நாய். சீவகன் அதன் செவியில் பஞ்ச மந்திரத்தை ஓதுகிறான். நாய் இறந்து, சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, நன்றி மறவாமல் திரும்பி வந்து சீவகனுக்கு உறுதுணையாகிறான். இக்கதையை எழுதும்போதே நம் எழுதுகோல் 'கிடக்கிறது' என்று தொடங்கி 'ஆகிறான்' என்று முடிப்பதைக் காணுங்கள். இடையில் திணை மாறியது, உயிர் மாறவில்லை.

நீலகேசியில் வருவதோ உயிர்ப்பலிக்கு எதிரான கதை. பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் பலியிடக் கொண்டுவந்த விலங்குகளைக் கண்டு முனிச்சந்திரர் என்னும் முனிவர் இரங்குகிறார். மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்று மக்களுக்குச் சொல்லி, அவ்வுயிர்களைக் காக்கிறார். சினந்த காளி அவரை விரட்டப் பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி பேயுருக் காட்டி அச்சுறுத்துகிறாள். பெண்ணுருக் காட்டி மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அஞ்சவில்லை, மயங்கவில்லை, அவளை 'பேயே' என்று இகழவும் இல்லை. கேட்கும் தகுதியுடைய ஓர் உயிராக மதித்து அறம் உரைக்கிறார். நீலி அவருக்கு மாணாக்கியாகி, நாடெங்கும் சென்று அகிம்சை நெறிக்காக வாதிடும் ஆசிரியை ஆகிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த அந்நூல் நம் இல்லங்களில் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும். பேயை ஓட்டுவது ஊர் வழக்கம். பேய்க்குப் பாடம் சொல்லி ஆசிரியையாக்கியது நம் முனிவர் காட்டிய வழி.

8. இலக்கணம் பொறுப்பதும் அறம் பொறாததும்

இனி நம் நாவுக்கு வருவோம். குழந்தையை 'அது' என்பதும், ஆண்மகவை 'என் அம்மா வா' என்பதும், ஒருவரை 'மாடு' என்பதும் திணையும் பாலும் மயங்கிய வழக்குகள். இவற்றைப் பிழையென்று தள்ளாமல் பவணந்தியார் ஐந்து காரணங்களால் அமைத்துக்கொண்டார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு. அன்பு மிகுந்து மகனைத் தாயே என்றால் அது உவப்பு. வேலைக்காரியைச் சுட்டி 'அது இன்னும் வரவில்லை' என்றால் அது இழிவு. இரண்டும் இலக்கணத்தில் வழுவமைதியே.

ஆனால் இலக்கண ஆசிரியர் அமைத்துக்கொண்டதை எல்லாம் அறநூல் ஆசிரியர் அமைத்துக்கொள்வதில்லை. வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: சினம் விடுதல், பற்றுள்ளம் விடுதல், அச்சம் விடுதல், நகையாடல் விடுதல், ஆராய்ந்து பேசுதல். நாம் பேய், அரக்கன், குரங்கு என்னும் சொற்களை ஆளும் சூழல்களை இவற்றோடு பொருத்திப் பாருங்கள். மருமகளைப் பேய் என்பது சினம். உறங்காத குழந்தையிடம் 'பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்' என்பது அச்சமூட்டல். கறுத்த நிறமுடைய மாணவனைக் கூட்டத்தில் அரக்கன் என்பது நகையாடல். மூன்றிலும் வாய்மை கெடுகிறது. ஏனெனில் சொல்லப்பட்டவர் அவ்வாறானவர் அல்லர்.

பல ஆண்டுகளுக்கு முன், பயிற்சி ஆசிரியைகளுக்கு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டும் பொருட்டு, மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். குரங்கணிப் பக்கத்திலிருந்து வரும் சிறுவன் ஒருவனை ஊர்ப்பெயரை வைத்தே குரங்கு என்று மற்றவர் அழைத்துவந்தனர். வருகைப் பதிவில் பெயர் படிக்கப்படும்போதும் அவன் வாய் திறப்பதில்லை. கையை மட்டும் உயர்த்துவான். அன்று வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, வானரக் கொடியின் கதையைச் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரும் தம் குலத்துக்கு ஒரு கொடி வரையுமாறு பணித்தோம். ஒருவன் கோழி வரைந்தான். ஒருத்தி ஏலக்கொத்து வரைந்தாள். அச்சிறுவன் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, ஒரு குரங்கைக் கொடியில் வரைந்து, கீழே தன் முழுப்பெயரையும் எழுதினான். கேலி அன்றோடு ஒழிந்தது என்று கூற மாட்டோம். ஆயினும் மறுநாள் பதிவு எடுக்கையில் அவன் எழுந்து நின்று 'உள்ளேன் அம்மா' என்றான் என்று வகுப்பாசிரியை சொல்லக் கேட்டோம். ஒரு சொல் பூட்டிய வாயை இன்னொரு சொல்லால் திறக்க முடியும் என்பதை அப்பயிற்சி ஆசிரியைகள் கண்டுகொண்டனர்.

இம்மலைகளில் வாழும் முதுவர், பளியர் ஆகிய பழங்குடியினரைக் 'காட்டான்' என்று குறிக்கும் வழக்கமும் அற்றுப்போகவில்லை. முதுவர், மதுரை மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறிய முன்னோரின் வழிவந்ததால் அப்பெயர் பெற்றதாகத் தம் மரபைச் சொல்வர். தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் ஒவ்வொரு குடிக்கும் உண்டு. அதனைக் கேட்டறிந்து அப்பெயராலேயே அழைப்பது வாய்மை விரதத்தில் அடங்கும்.

'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்' என்போர்க்கு யசோதர காவியம் விடை சொல்லும். யசோதரன் பலியிட்டது மாவினால் செய்த கோழியே. ஆயினும் கொல்லும் எண்ணம் அதில் கலந்தமையால் பல பிறவித் துன்பம் வந்து சேர்ந்தது. மாக்கோழிக்கு உயிரில்லை, வெட்டியவன் உள்ளத்தில் கொலை இருந்தது. இகழ்ச்சிச் சொல்லுக்கும் கத்தியின் கூர்மை இல்லை. சொல்பவர் உள்ளத்தில் உள்ளதே அதன் கூர்மை.

9. எந்திர மனிதருக்கு எந்தத் திணை?

இக்காலப் பிள்ளைகள் ஒரு வினா எழுப்பக்கூடும். மனிதரைப் போல நடக்கும், பேசும், வினாவுக்கு விடை தரும் எந்திரங்கள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு எந்த முடிவு கொடுப்பது? நம் கொள்கையில் உயிரின் இலக்கணம் உணர்வு. வடிவும் ஒலியும் ஒத்திருப்பதால் உயிர் ஆகிவிடாது. சீவகசிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறி வானில் பறந்தது. ஆயினும் அது மயிலன்று. எந்திரம் அசீவம்; 'வந்தது' என்பதே முறை. மனிதரைப் போன்ற பொறிக்கு 'வந்தான்' என்று மகிழ்ந்து சொல்லும் நாம், மனிதராகவே நிற்பவரை 'அது' என்று சொல்லாதிருக்கிறோமா என்பதே எண்ணத்தக்கது.

10. தொகுப்புரை

இதுகாறும் கண்டவற்றை நினைவில் இருத்துவோம். மனித வடிவினரைக் குறிக்கும் சொற்கள் பலவும் முதலில் ஒரு பிறப்பையோ குலத்தையோ குறித்தன. அச்சமும் பகையும் அவற்றில் ஏறிய பின்னரே வசைச்சொல்லாயின. நம் ஆசாரியர்கள் அச்சொற்களை வசையாகக் கையாளவில்லை. அரக்கரை மனிதர் என்றனர். பேயை மாணாக்கி ஆக்கினர். நரகில் இருப்பவரையும் உயர்திணையில் அமர்த்தினர். முத்தி அடையும் வாய்ப்பு தேவருக்கும் இல்லை, நரகருக்கும் இல்லை. விரதம் ஏற்று அடங்கும் மனிதப் பிறவிக்கே உரியது. அவ்வடக்கம் நாவிலிருந்து தொடங்குகிறது. பெண் என்றால் பேயும் இரங்கும் என்பது பழமொழி. பேய்க்கே இரக்கம் உண்டென்றால், இரக்கத்தையே அறமாகக் கொண்ட நாம் நம் வீட்டுப் பணியாளரையும், பள்ளித் தோழரையும், மலைவாழ் மக்களையும் உயர்திணையில் வைத்துப் பேசுவது எளிய கடமையன்றோ!

இல்லத்தில் பயில்வதற்கு வினாக்கள்

1. உயர்திணைக்கு உரியோராகப் பவணந்தி முனிவர் எண்ணிய மூவர் யாவர்? அவருள் நரகர் இடம்பெற்றதன் காரணம் யாது?

2. வியந்தரர் எண்வகையினரின் பெயர்களை வரிசைப்படுத்துக. அவற்றுள் அன்றாடப் பேச்சில் வழங்குவன எவை?

3. இயக்கி என்னும் சொல் நம் ஆலயத்திலும், நெல்லைச் சீமையிலும், சேர நாட்டிலும் எப்பொருளில் வழங்குகிறது?

4. வானரர் என்னும் பெயருக்குக் கௌதம கணதரர் அளித்த விளக்கம் யாது?

5. இன்று காலை முதல் மாலை வரை உங்கள் இல்லத்தில் மனிதர் எவரேனும் 'அது' என்று சுட்டப்பட்டனரா? அது பவணந்தியார் கூறிய ஐந்து காரணங்களுள் எதனால் நிகழ்ந்தது? உவப்பு எனில் மகிழ்க. சினமோ இழிவோ எனில், அவரைப் பெயர்சொல்லி ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

வாழ்க ஜிநதருமம்! வளர்க அகிம்சை!